நாற்பத்தெட்டைப் பன்னிரண்டாக்கிய கை

அத்தியாயம் ஆறு

"சேர், இது நேற்றுப் போட்ட சேட்டுத்தானே?" ஓட்டோவின் கண்ணாடிக்குள் பார்த்துக் கேட்டான் நவ்ஷாத்.

"வேற சேட்டு."

"அப்ப சுருக்கம் மட்டும் அதே சுருக்கம். மாடு சப்பித் துப்பின மாதிரிக் கிடக்கு. செத்த வீட்டுக்காரரைப் பார்க்கப் போறம். ஒருக்கா அயன் பண்ணியிருக்கலாம்."

யசோதரன் சேட்டின் முன்பக்கத்தைக் கையால் ஒருதரம் நீவினான். அவனுடைய அலுமாரியில் அயன் பண்ணிய சேட்டு ஒன்று இருந்தது. நீல நிறம். பதினொரு மாதத்துக்கு முன் டிலக்சனா மடித்து வைத்தது. போட்டால் மடிப்புக் கலைந்துவிடும். அதனால் அது அலுமாரியிலேயே இருந்தது.

"கீரிக் கடற்கரைப் பக்கம் திரும்பு," என்றான்.

"நான் உப்புக்குளத்தில பிறந்தவன் சேர். எனக்குக் கீரிக்கு வழி சொல்லிக் கேவலப்படுத்தாதீங்க."

யசோதரன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிப்பித்தவன். மனைவி டிலக்சனா காய்ச்சலில் போன பிறகு கரும்பலகைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மன்னார் நகரில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேலே அறை எடுத்து, 'தனியார் விசாரணைகள்' என்று பலகை மாட்டினான். எது எரிந்தது, ஏன் எரிந்தது, யார் எரித்தது என்று கேட்டு ஆட்கள் படியேறி வந்தார்கள். அவனை ஏற்றி இறக்க வந்த நவ்ஷாத், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி உதவியாளனாகிவிட்டான்.

நான்கு நாட்களுக்கு முன் படியேறி வந்தவள் செலீனா. பள்ளிமுனை மீனவர் கரையில் பிறந்து கீரியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவன் யூஜின், பழைய இரும்பும் காந்தமும் செப்புக் கம்பியும் சேர்த்துக் கடற்கரையில் தானே ஒரு காற்றாலை செய்து நிறுத்தியவன். மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகல், அவனுடைய வாடி தீப்பிடித்தது. வலையும் எஞ்சினும், காற்றாலையின் பற்றரிகளும் வைக்கிற தென்னோலைக் கிடுகுக் கொட்டில் அது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த யூஜின் எஞ்சினைக் காப்பாற்ற உள்ளே ஓடினான். நெருப்பு அவனைத் தொடவில்லை. புகையும், கூரையிலிருந்து தலையில் விழுந்த வளைமரமும் போதுமாக இருந்தன.

"என்ர மனுசனைக் கொலை செய்தது அவற்ர தமையன் அன்ரனி," என்றாள் செலீனா. அழவில்லை. "வாடிக் காணி தனக்கெண்டு நிண்டவர். நெருப்பு வைச்சது அவர்தான். எனக்கு அதை எழுத்தில தாங்கோ. வெள்ளிக்கிழமை மரண விசாரணை."

இன்று வியாழன்.

வாடி இருந்த இடத்தில் நாலு கரித்தூண்கள் நின்றன. அப்பால் மணல் மேட்டில் காற்றாலை. யாரோ அதன் இறக்கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சோளகக் காற்றில் அவை கட்டை இழுத்து இழுத்து நடுங்கின.

மூலையில் சீமெந்துத் தொட்டி. அன்று அணைக்க வந்தவர்கள் அள்ளிப் போட்ட மண்ணைக் கையால் விலக்கினான் யசோதரன். கீழே நாலு பற்றரிகள். மேல்பக்கம் உருகியிருந்தாலும் இணைப்புக் கம்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் நீண்ட நேரம் பார்த்தான். பிறகு ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து நவ்ஷாத்திடம் நீட்டினான்.

"யூஜின்ர கொப்பி. செலீனா தந்தது. வாசி."

"பன்னிரண்டு, வெட்டியிருக்கு. இருபத்தினாலு, அதுவும் வெட்டியிருக்கு. நாற்பத்தெட்டு, மூண்டு வட்டம்." நவ்ஷாத் நிமிர்ந்தான். "மனுசன் லொத்தர்ச் சீட்டு எடுத்தவரோ?"

"வோல்ற். கீழ வாசி."

"'கோபுரத்திலிருந்து வாடிக்கு எழுபது மீற்றர். பன்னிரண்டு என்றால் வயர் பெருவிரல் தடிப்பு வேண்டும். கடையில் இல்லை. நாற்பத்தெட்டு என்றால் மெல்லிய வயர் போதும்.' சேர், என்ர ஓட்டோவில பன்னிரண்டு. அதுக்கு மேல எனக்கு வோல்ற் தெரியாது."

"ஒரு பற்றரி பன்னிரண்டு. நாலையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, இதின்ர பிளஸ்ஸை மற்றதின்ர மைனஸோட கட்டினா நாற்பத்தெட்டு. பக்கம் பக்கமா வைச்சு, பிளஸ்ஸைப் பிளஸ்ஸோட கட்டினா பன்னிரண்டுதான். அதே வேலையைப் பன்னிரண்டில செய்ய, வயருக்குள்ளால நாலு மடங்கு மின்சாரம் ஓட வேணும்."

நவ்ஷாத் தாடியைச் சொறிந்தான். "எங்கட ஒழுங்கைக்குள்ள நாலு ஓட்டோ ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போனா வேலிக்கு ஒரு கீறல் இல்ல. நாலும் பக்கம் பக்கமாப் போகப் பார்த்தா?"

"வேலி உரஞ்சி நெருப்புப் பத்தும்."

"இதைத்தான் கல்லூரியில மூண்டு வருசம் படிப்பிச்சனீங்களா?"

"இப்ப இதைப் பார்."

நாலு பற்றரிகளும் பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. பிளஸ் பிளஸ்ஸோடு. ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி, இரண்டு சுற்று. அதிலிருந்து புறப்பட்ட மெல்லிய வயர் தூணில் ஏறி, கிடுகுக்குக் கீழால் போய், எதிர்ப்பக்கம் தொங்கிய, பற்றரி மின்சாரத்தை வீட்டுக்கு மாற்றி அனுப்புகிற இன்வேட்டருக்கு இறங்கியிருக்க வேண்டும். தூணில் வயர் ஏறிய கோடு மட்டும் மற்ற இடத்தைவிட ஆழமாகக் கருகியிருந்தது.

"நெருப்பு ஆரும் வைக்கேல்ல," என்றான் யசோதரன். "வயர் வைச்சது. நாற்பத்தெட்டுக்குப் போட்ட வயர். பற்றரியை ஆரோ பன்னிரண்டாக்கி இருக்கினம். மூண்டு வட்டம் போட்டவன் அதைச் செய்ய மாட்டான்."

நவ்ஷாத்தின் கைபேசி அடித்தது. அவனுடைய மச்சான் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தான். மன்னாரில் நடப்பதெல்லாம் முதலில் அந்தக் கடைக்குத்தான் போகும்.

"சேர், வழக்கு முடிஞ்சுது," என்றான் நவ்ஷாத், கைபேசியை மூடிக்கொண்டு. "அன்ரனி பொலிசுக்கு வந்து நிக்கிறாராம். பற்றரியை மாத்தினது தான்தான் எண்டு சொல்லிப்போட்டார். வாக்குமூலத்தைத் தமிழில எழுதிற ஆள் நாலு மணிக்கு வருவாராம். கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் மிச்சம்."

"நேற்று வரைக்கும் தனக்கு ஒண்டும் தெரியாதெண்டவர்."

"நேற்று அவரை என்ன கேட்டனீங்க?"

"ஒரேயொரு கேள்வி. அண்டைக்குப் பற்றரியில ஆரும் கை வைச்சவையோ எண்டு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மணி இரண்டேகால்.

*

நாலு மணிக்காகக் காத்துக்கொண்டு அன்ரனி தேநீர்க்கடையின் பின்மேசையில் இருந்தார். நாற்பது வயது. ஒரு கந்தோரில் கோப்பு எழுதுகிற எழுதுவினைஞர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிறவர் என்று ஊர் அவரைக் கேலி செய்யும். மேசையில் ஒரு கடித உறை.

"இருங்கோ தம்பி," என்றார். "நான்தான் செய்தனான். இனி என்ன விசாரணை?"

யசோதரன் பக்கத்துக் கடையில் வாங்கிய நாலு ரோச் பற்றரிகளை மேசையில் வைத்தான்.

"எப்பிடிச் செய்தனீங்கள்? வைச்சுக் காட்டுங்கோ."

அன்ரனி அவற்றை எடுத்தார். ஒன்றின் தலையை மற்றதின் அடியில் முட்டவைத்து, ஒரே வரிசையாக, கோணாமல் அடுக்கினார். கந்தோர்க்காரரின் ஒழுங்கு.

"ரோச் நல்லா எரியும்," என்றான் நவ்ஷாத்.

"யூஜினும் இப்பிடித்தான் கட்டியிருந்தவர்," என்றான் யசோதரன். "இது நாற்பத்தெட்டு. மாத்தின ஆள் கட்டினது இது." நாலையும் பிரித்துத் தோளோடு தோள் நிற்க வைத்தான். "ப்யூசுக்கு என்ன செய்தனீங்கள்?"

"ப்யூசோ?"

"ஓம்."

அன்ரனி தேநீரைப் பார்த்தார்.

"இது லைற் கட்டி மீன் பிடிக்கிறவையின்ர கை," என்றான் யசோதரன். "கடலில லைற் கனநேரம் நிக்க வேணும். அதுக்காகப் பற்றரியைப் பக்கம் பக்கமாக் கட்டுவினம். நடுக்கடலில ப்யூஸ் போனால் கம்பியைச் சுத்துவினம். நீங்கள் கரையில நிண்டே சத்தி எடுக்கிற ஆள் எண்டு ஊரே சொல்லுது. ஆருக்காகப் பொய் சொல்லுறீங்கள்?"

"நான்தான் செய்தனான்." குரல் இறங்கிவிட்டது. உறையை முன்னால் தள்ளினார். "இதை மட்டும் செலீனாவிட்டக் குடுத்துவிடுங்கோ. சவ அடக்கப் படங்கள். என்னை வளவுக்குள்ள விடுறாள் இல்லை."

யசோதரன் படங்களை வெளியே எடுத்தான். பெட்டிக்குள் யூஜின். வெள்ளைச் சேட்டு. சுற்றி நின்ற உறவினர், அயலவர், வலைச் சகாக்கள். நவ்ஷாத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"சேர், இதில உங்களுக்குக் கூட்டாளிகள் இருக்கினம். எல்லாற்ர சேட்டும் கசங்கி. சோளகத்தில லைன் அறுந்து, ஞாயிறு தொடக்கம் வியாழன் வரைக்கும் கரண்ட் இல்லாமக் கிடந்தமே, அந்தக் கிழமை." பிறகு, தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மன்னார் முழுக்கச் சுருக்கம். பெட்டிக்குள்ள இருக்கிற மையத்துக்கு மட்டும் மடிப்பு."

யசோதரன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். கொலர் விறைப்பாக நின்றது. வலக்கையில் மடிப்பு, கத்தி முனைபோல, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. இடக்கையில் அது முழங்கை வரைதான் வந்தது. அதற்குக் கீழே துணி சுருங்கிக் கிடந்தது.

பாதியில் யாரும் அயனை நிறுத்துவதில்லை. அயன்தான் நின்றிருக்கிறது.

"அந்த வீட்டில கரி அயன் இருக்கோ?" என்று கேட்டான்.

"இல்லை," என்றார் அன்ரனி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைக்காரன் வானொலியைக் குறைத்தான்.

"இன்வேட்டர் நான் கொண்டுபோய்க் குடுத்தது," என்றார் கைகளுக்குள்ளிருந்து. "என்ர தம்பியின்ரது உப்புக் காத்தில பழுதாகி வவுனியாவுக்குத் திருத்தப் போயிருந்தது. எங்கட கந்தோர் வாகனத்தில ஒண்டு கிடந்தது. பன்னிரண்டு வோல்ற். 'பன்னிரண்டோ மச்சான், அது எனக்குத் தெரியும்' எண்டாள் செலீனா. பள்ளிமுனைப் பிள்ளை. தேப்பனோட எத்தினை படகுக்கு லைற் கட்டினவள். அடுத்தநாள் மடு மாதா கோயிலுக்குப் போக இருந்தவை. அவள் தைச்ச சேட்டு. அவன் கரையால வரமுன்னம் அயன் பண்ணி வைக்க வேணுமெண்டு ஆசை. நீங்கள் நேற்றுப் பற்றரியைக் கேட்டபிறகுதான் எனக்கே விளங்கிச்சு."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. பற்றரி கட்டுறது அவளுக்கு ஒரு விசயமோ? கயிறு முடியிற மாதிரி. யோசிச்சும் பார்த்திருக்க மாட்டாள்." அன்ரனி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "தம்பி, அவளுக்கு வெறுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் இருக்கிறன். நான் இல்லையெண்டா அவளுக்கு மிஞ்சிறது ஆர்?"

யசோதரனுக்கு அந்தக் கணக்குத் தெரியும். டிலக்சனாவுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று, மழை விடட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று சொன்னவன் அவன்தான். வைத்தியரை வெறுக்க முயன்றான். கடித்துக் காய்ச்சல் பரப்பிய நுளம்பை வெறுக்க முயன்றான். ஒன்றும் நிலைக்கவில்லை. பதினொரு மாதமாக ஒரே ஆள்தான் மிஞ்சினான்.

அவன் ரோச் பற்றரிகளை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"உங்கட மோட்டார் சைக்கிள் திறப்பைத் தாங்கோ."

"அவளிட்டச் சொல்லப் போறீங்களோ?"

"தெரியேல்ல."

அன்ரனி திறப்பைக் கொடுத்தார். யசோதரன் நவ்ஷாத்தைப் பார்த்தான். "இவருக்கு இன்னொரு தேத்தண்ணி எடுத்துக் குடு."

"எத்தினை, சேர்?"

"நான் சொல்லும் வரைக்கும்."

*

வழி முழுக்கக் காற்று மோட்டார் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளியது. அவனிடம் இரண்டு வசனங்கள் தயாராக இருந்தன. ஒன்று உண்மை. மற்றது பொய். பொய்தான் சுருக்கமானது: அன்ரனி செய்தவர், ஒப்புக்கொண்டிட்டார்.

செலீனா விறாந்தை நிலத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். தூசி தட்டி ஒரு கதிரையை அவனிடம் தள்ளினாள்.

"எழுத்தில கொண்டுவந்தனீங்களோ?"

"படங்கள் கொண்டுவந்தனான்."

அவள் வலையை மடியிலிருந்து இறக்கிவிட்டு உறையைப் பிரித்தாள். முதற்படத்திலேயே நின்றுவிட்டாள். விரல் பெட்டியைத் தொடவில்லை, முகத்தைத் தொடவில்லை, கொலரைத் தொட்டது.

"நல்லா அயன் பண்ணியிருக்கு," என்றான் யசோதரன்.

"நான் தைச்சது. மடுவுக்குப் போட." அவள் முகத்தில் சின்ன வெளிச்சம் ஒன்று வந்தது. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை. "ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நான் விடேல்ல. நாலு பற்றரியையும் கழட்டிப் படகுக்குக் கட்டுற மாதிரிக் கட்டினன். ப்யூஸ் ரெண்டுதரம் போச்சு. கம்பியைச் சுத்திவிட்டன். என்ர ஐயா படகில அப்பிடித்தான் செய்யிறவர். இஞ்ச வந்து அயனைப் போட்டால் சூடாகுது. எனக்கெண்டால் சரியான புளுகம், ஒரே சந்தோசம். இடக்கை முடியிற நேரம் பார்த்து அது நிண்டு போச்சு. சரி, மிச்சத்தை ஆர் பார்க்கப் போகினம் எண்டு மடிச்சு வைச்சன். வைச்சிட்டுத் திரும்பிறன், வெளியில சத்தம் கேக்குது, வாடி பத்துது, வாடி பத்..."

நின்றாள்.

காற்று கிடுகு வேலியை அடித்தது. தூரத்தில் கட்டிய இறக்கைகள் கிறீச்சிட்டன. அவள் வேலிப் படலைக்கு அப்பால், மணல் மேட்டைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். முழங்கையோடு நின்ற மடிப்பைப் பார்த்தாள்.

யசோதரன் பொய்யைத் தேடினான். சுருக்கமான வசனம்தான். வாய்க்கு வரவில்லை.

"சேர்," என்றாள். "அந்த வயர் சூடாகுமோ?"

"ஓம்."

"எவ்வளவுக்கு?"

"கிடுகு பத்துற அளவுக்கு."

அவள் தலையாட்டினாள். கடையில் விலை கேட்டவள் ஆட்டுவதுபோல, மெதுவாக, ஒருதரம். வலை பொத்துகிற ஊசியைத் தேடி எடுத்து, நூலை முழுவதுமாகச் சுற்றி, ஓரமாக வைத்தாள். அதற்கு நிறைய நேரம் எடுத்தாள்.

"படகில ஒரு நாளும் அப்பிடி நடந்ததில்லை," என்றாள்.

"படகில அயன் இல்லை. லைற்றுக்குக் கொஞ்ச மின்சாரம் போதும். அயனுக்குக் கனக்க வேணும். அதோட இஞ்ச வயர் மெல்லிசு. ஏன் மெல்லிசாப் போட்டவர் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லேல்ல."

"கேட்டனான்." முதன்முறையாகக் குரல் உடைந்தது. "கொப்பியில நாற்பத்தெட்டு எண்டு வட்டம் வட்டமாப் போட்டுக்கொண்டு இருந்தார். இதென்ன, ஏன் நாற்பத்தெட்டு எண்டு கேட்டனான். கரைக்கு வாற போற எல்லாருக்கும் விளக்கம் குடுத்தவர். எனக்குப் பிறகு சொல்லுறன் எண்டவர்."

யசோதரன் நிலத்தைப் பார்த்தான். மழை விடட்டும் என்பதும் பிறகு என்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

"மச்சான் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"தான்தான் பற்றரியை மாத்தினது எண்டு. நாலு மணிக்குக் கையெழுத்து."

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று நாற்பது. "அவருக்கு லைற் சுவிச்சு மாத்தவே தெரியாது," என்றாள். "மூண்டு கிழமையா நான் அவரைப் படலைக்கு அங்கால நிப்பாட்டி வைச்சிருக்கிறன். கூப்பிடுங்கோ. இப்பவே."

யசோதரன் அழைத்தான்.

"ஏழாவது தேத்தண்ணி, சேர்," என்றான் நவ்ஷாத். "இதுக்கு மேல குடுத்தா, நான்தான் இவரைக் கொலை செய்தது எண்டு நீங்க என்னை விசாரிக்க வேண்டி வரும்."

"கூட்டிக்கொண்டு வா. கையெழுத்து வேண்டாம்."

"சரி," என்றான் நவ்ஷாத், இம்முறை பகிடி இல்லாமல்.

இருபது நிமிடத்தில் ஓட்டோ வந்து நின்றது. அன்ரனி இறங்கிப் படலைக்கு வெளியே நின்றார். பழகிவிட்ட இடம். யசோதரனின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்," என்றாள் செலீனா. "உள்ள வாங்கோ. கதிரை கிடக்கு."

அவர் வந்து இருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நவ்ஷாத் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணோடு நின்றான். "நவ்ஷாத் நானா, நீங்களும் இருங்கோ," என்றாள் அவள். அவனும் இருந்தான்.

"நாளைக்கு விசாரணையில நான்தான் சொல்லுவன்," என்றாள். "நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நான் செய்ததை நான் சொல்ல வேணும். ஆனால் அவையள் ஏன், எப்பிடி எண்டு கேப்பினம். எனக்கு விளங்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது?" கண்ணீர் இப்போதுதான் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. யசோதரனின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோ சேர். நாற்பத்தெட்டு எண்டா என்ன?"

யசோதரன் கதிரையை விட்டு எழுந்து நிலத்தில் அவளுக்கு எதிரே இருந்தான். கசங்கிய சேட்டின் பையிலிருந்து நாலு ரோச் பற்றரிகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தான். பதினொரு மாதமாக அவன் யாருக்கும் எதையும் படிப்பிக்கவில்லை. நவ்ஷாத்தைப் பார்த்தான். நவ்ஷாத் வேறு பக்கம் பார்த்தான்.

"ஒரு ஒழுங்கை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்றான் யசோதரன். "ஒடுக்கமான ஒழுங்கை. நாலு பேர் போக வேணும்."

செலீனா குனிந்து, முதலாவது பற்றரியைத் தன் விரலால் நேராக்கினாள்.